கூரை போன கொட்டகை

கேள்வி:
திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர் சினிமாக் கொட்டகை மூடிப் பல வருஷம் ஆகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, இப்போது உள்ளே கருவேல மரம். போன வாரம் டிக்கெட் ஜன்னலில் கையை விட்டுப் பார்த்தேன், கை மட்டும் நுழையும் அந்த ஓட்டையின் விளிம்பு எத்தனையோ கை உரசி வழவழவென்று இருந்தது, சட்டென்று பீடிப் புகையும் முறுக்கு வாசனையும் வந்த மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கும் இப்படி உண்டா?

பதில்:
உண்டு தம்பி. படம் தொடங்குமுன் சீர்காழி கோவிந்தராஜன் குரல் குழாய் ஸ்பீக்கரில் வயலைத் தாண்டிக் கேட்கும். நடவு முடித்துக் கரையேறுகிறவர்கள் கால் சேற்றைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவருவார்கள். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தால்தான் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது.

பதில்:
என் அப்பா கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி இரண்டும் எரிந்து தேயத் தேய இடைவெளியைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கிவிடும், விசில் பறக்கும். அவர் சட்டையில் அந்தக் கரி வாசனை துவைத்தாலும் போகாது. அண்ணே, ஆபரேட்டர் அறைச் சதுர ஓட்டை இன்னும் இருக்கிறதா? ஒரு போட்டோ போடுங்களேன்.

கேட்டவர்:
இருக்கிறது. இரண்டு ஓட்டை. ஒன்றில் மைனா கூடு கட்டியிருக்கிறது. நாளைக்கே எடுத்துப் போடுகிறேன்.