புதுப்பிப்பு: கில்டு வார்ஸ் 2 கவசத்தில் கசவு நிறம் பொருந்திவிட்டது

கில்டு வார்ஸ் 2 என்ற இணைய விளையாட்டில், ஓணத்துக்குள் என் கார்டியன் பாத்திரத்தின் கவசத்தைக் கசவுச் சேலையின் வெண்மைக்கும் பொன் கரைக்கும் மாற்ற விரும்பியதையும், ஒரே வெள்ளைச் சாயம் மார்பில் வெண்மையாகவும் தோளில் சாம்பலாகவும் தெரிந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

தீர்வு தந்தது கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொன்ன விளக்கம்தான். இந்த விளையாட்டில் ஒவ்வொரு சாயத்துக்கும் துணி, தோல், உலோகம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறம் வரையறுக்கப்பட்டிருப்பதால், என் தோள்கவசத்தின் உலோகப் பகுதி எந்த வெள்ளையையும் மங்கலாகவே காட்டியது. கவசத் தோற்றங்களைச் சேர்த்துவைக்கும் வார்ட்ரோபில், தோற்றம் மாற்றப் பயன்படும் டிரான்ஸ்மியூட்டேஷன் சார்ஜ் ஒன்றைச் செலவழித்து, துணிப்பகுதி மிகுந்த தோள்கவசத் தோற்றத்துக்கு மாறியதும் இரண்டும் ஒத்துப்போயின. விலையுயர்ந்த செலஸ்டியல் என்ற வெள்ளைச் சாயம் தேவைப்படவில்லை. பொன்னிறத்தை மட்டும் உலோக விளிம்புகளுக்கே வைத்தேன்; அங்கேதான் அது உண்மையான சரிகையாக மின்னுகிறது, துணியில் வெறும் மஞ்சளாகிவிடுகிறது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. 2014 முதல் சாயங்கள் கணக்கு முழுமைக்கும் திறக்கப்படுவதால், அதே நிறங்கள் என் இன்னொரு பாத்திரமான நெக்ரோமான்சருக்கும் கிடைத்தன. துணி மிகுந்த அவளுடைய மெல்லிய கவசத்தில் வெண்மை இன்னும் அழகாக விழுகிறது. திறந்த சாயத்தை எத்தனை முறை மாற்றினாலும் செலவில்லை என்பதால் தயங்காமல் சோதிக்கலாம். கவசத்தை மறைத்து முழு உடையாகத் தோன்றும் அவுட்ஃபிட் அணிபவர்கள் அதற்குத் தனியாகச் சாயமிட வேண்டும்.