இழை: பொய்யும் மெய்யும் சொல்லாமல் ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்!)

குழுவினருக்கு வணக்கம்.

தொலைநிலைக் கல்வியில் முதுகலை படிப்பவர்களுக்கான ஒப்பியல் சமயப் பாடநூலில் ஓர் இயல் என் தலையில் விழுந்திருக்கிறது. ஒருவர் ‘கடவுள் என்னிடம் பேசினார்’ என்கிறார். அவரை நம்புவதா வேண்டாமா என்பதை யூதம், கிறித்தவம், இசுலாம் மூன்றும் எப்படி எப்படி விவாதித்தன என்பதுதான் இயலின் பொருள். மொழிபெயர்ப்பு முக்கால்வாசி முடிந்தது. தலைப்பு மட்டும் முடியவில்லை.

‘ப்ராஃபெட்’ என்பதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. அதிகமாக இருப்பதுதான் சிக்கல். தீர்க்கதரிசி, இறைவாக்கினர், நபி, இறைத்தூதர்: நான்கும் நான்கு வீட்டுச் சொற்கள். ஒன்றை எடுத்துப் பொதுவில் வைத்தால் மற்ற மூன்று வீட்டிலும் முகம் சுளிப்பார்கள். அதைவிடப் பெரிய தலைவலி, ‘அப்படித் தம்மைச் சொல்லிக்கொண்டவர்’ என்பதற்கு ஒரு சொல். ‘போலி’ என்றும் தொனிக்கக் கூடாது, ‘உண்மை’ என்றும் தொனிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கெடு.

— ம.

*

அம்மா,

‘தீர்க்கதரிசி’யை முதலில் தூக்கி எறியுங்கள். தீர்க்கமும் வடமொழி, தரிசனமும் வடமொழி. நம்மிடம் இல்லாததற்கா கடன் வாங்குகிறோம்? ‘மறுவில் செய்தி மூவகைக் காலமும் நெறியின் ஆற்றிய அறிவன் தேயமும்’ என்கிறது தொல்காப்பியப் புறத்திணையியல். முக்காலமும் உணர்ந்தவன் அறிவன். மரியாதைக்கு அறிவர். முடிந்தது வேலை.

இன்னொன்று. எபிரேயத்தில் இச்சொல் ‘நவி’ என்று ஒலிக்கும். நவில்தல் என்றால் சொல்லுதல். நா, நாவு, நாவலர், நவில். சொல்லுபவன் நவி. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

— ந.

*

ஐயா, விளக்கத்தான் வேண்டும் :) அக்காடிய மொழியில் ‘நபூ’ என்றால் அழைத்தல், பெயரிடுதல். அரபியில் நபி, எபிரேயத்தில் நவி, எல்லாம் அந்தக் குடும்பம். எபிரேயத்தில் உயிருக்குப் பின் வரும் ‘ப’ மெலிந்து ‘வ’ ஆகிவிடும், அவ்வளவுதான். அந்த ‘வ’வைப் பிடித்துக்கொண்டு நவிலுக்குப் போனால், நாளைக்கு நாவல் மரத்துக்கும் போவோம்.

ஆனால் ‘தீர்க்கதரிசி’ பொருந்தாது என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன், காரணம் வேறு. நான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் 7:1, ‘உன் சகோதரனாகிய ஆரோன் உன் தீர்க்கதரிசியாயிருப்பான்’. மோசேக்குத் திக்குவாய், அவர் சொல்வதை எகிப்து மன்னன் பார்வோனிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதுதான் ஆரோன் வேலை. இதில் தொலைவையும் பார்க்கவில்லை, காலத்தையும் பார்க்கவில்லை. மூலச்சொல்லின் உயிர் ‘பார்ப்பது’ அல்ல, ‘ஒருவர் சார்பாகப் பேசுவது’. கிரேக்க ‘ப்ரொஃபேதேஸ்’ஸும் ஒருவருக்காக எடுத்துரைப்பவர்தான். ஐயாவின் அறிவரும் இதே இடத்தில் இடறுகிறார். அவர் அறிவார், சரி, யாருக்காகப் பேசுவார்?

அக்கா, உங்களுக்கு ஆறுதலாக ஒன்று. இந்தக் கலைச்சொல் சண்டை விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. 1 சாமுவேல் 9:9: ‘இந்நாளிலே தீர்க்கதரிசி எனப்படுகிறவன் முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் என்னப்படுவான்.’ கழுதையைத் தொலைத்துவிட்டு சவுல் தேடிப் போகிற கதையின் நடுவே, கதையை நிறுத்தி ஒரு சொல்விளக்கம்! எழுதியவர் நம் குழுவில் இருந்திருக்க வேண்டியவர்.

— ஜெ.

*

கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் மாணவர் பக்கத்திலிருந்து யாராவது பேச வேண்டும். ‘அறிவர்’ என்று போட்டால் அறிவியல் ஆசிரியர் என்று நினைப்பார்கள். யாராவது ‘தொலைநோக்கர்’ என்று ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: தொலைநோக்கு இப்போது அரசாங்கத் திட்ட அறிக்கைக்குப் போய்விட்டது. ‘முன்னறிவிப்பாளர்’ வானிலைக்கு. ‘அருள்வாக்கினர்’ என்றால் எங்கள் தெருமுனைப் பலகை ஞாபகம் வரும், செவ்வாய் வெள்ளி மட்டும். ‘இறைவாக்காளர்’ என்றால் தேர்தல் ஆணையம்.

வழக்குரைஞர் இருக்கிறாரே, அதைப் பார்த்து ‘வாக்குரைஞர்’ என்று வைத்தால் என்ன? ஜெ. சொன்ன ‘சார்பாகப் பேசுபவர்’ பொருளும் உள்ளே வந்துவிடுகிறது. முன்னால் ‘இறை’ சேர்த்தால் தேர்தலும் ஒழிந்தது.

— தி.

*

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

இறைவாக்குரைஞர் யூத, கிறித்தவப் பகுதிக்குச் சரிவரும். இசுலாம் பகுதியில் அதைப் போட்டால் எங்கள் ஊரில் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். நபி என்பது நேற்று வந்த சொல் அல்ல. சீறாப்புராணத்தின் மூன்று காண்டங்களில் நடுக்காண்டத்தின் பெயரே நுபுவ்வத்துக் காண்டம். நுபுவ்வத் என்றால் நீங்கள் தேடும் ‘ப்ராஃபெட்ஹுட்’தான். 17ஆம் நூற்றாண்டிலேயே உமறுப்புலவர் விருத்தத்தில் வைத்த சொல். இன்று நாங்கள் ‘நபித்துவம்’ என்கிறோம். அரபித் தலை, வடமொழி வால். புலவர் ஐயா மன்னிக்க வேண்டும், பிள்ளை நன்றாக நடமாடுகிறது.

இறைத்தூதர் என்பதை நபிக்கு மாற்றாகப் போடாதீர்கள். அது ரசூலுக்கு. ரசூல்மார் எல்லாரும் நபிமார். நபிமார் எல்லாரும் ரசூல்மார் அல்லர் என்பது எங்கள் அறிஞர்களிடையே பெரும்பான்மை வழக்கு. போதாததற்கு, கிறித்தவர்கள் அப்போஸ்தலரைத் திருத்தூதர் என்கிறார்கள், மலக்குகளை வானதூதர் என்கிறார்கள். ஒரே பக்கத்தில் இத்தனை தூதர் வந்தால் தூதரகம்தான் திறக்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அரபியில் அதற்கு ஒரே சொல் உண்டு: முதனப்பி. நபித்துவத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டவர். ஈராக்கின் கூஃபாவில் 915இல் பிறந்த பெருங்கவிஞருக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. இளவயதில் சிரியப் பாலையில் அப்படி வாதாடிச் சிறைக்குப் போனார் என்பார்கள். கவிதை நின்றது, பட்டப்பெயரும் நின்றது. ஆனால் அந்தச் சொல்லிலேயே ‘பாவனை’ இருக்கிறது. நடுநிலை கிடையாது.

அதைவிட, முகம்மது நபியின் காலத்திலேயே தாமும் நபி என்று சொல்லிக்கொண்ட முசைலமாவைப் பாருங்கள். அரபுப் பகுதியான யமாமாவிலிருந்து அவர் எழுதிய கடிதத்தின் தொடக்கம், ‘அல்லாஹ்வின் தூதர் முசைலமாவிடமிருந்து அல்லாஹ்வின் தூதர் முகம்மதுக்கு’. பூமியில் பாதி எங்களுக்கு, பாதி முகம்மது நபியின் குலமான குறைஷியருக்கு என்று பங்கும் கேட்டார் என்கின்றன எங்கள் வரலாற்று நூல்கள். பதில் கடிதம், ‘அல்லாஹ்வின் தூதர் முகம்மதிடமிருந்து பொய்யன் முசைலமாவுக்கு’ என்று தொடங்குகிறது. வழக்கு முழுவதும் அந்த முதல் வரியிலேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்கு அவர் முசைலமத்துல் கத்தாப்தான், ‘பொய்யன்’ பெயரின் பகுதி. உங்கள் பாடநூல் அதை எடுக்கத்தான் வேண்டும், எனக்குப் புரிகிறது. ஆனால் எடுப்பது சிறிய வேலை என்று நினைக்காதீர்கள்.

— ஹ.

*

காக்கா, அந்தக் கடிதம் என் இயலில் இருக்கிறது. அதற்கு ஈடாக யூதப் பகுதியில் நிற்பது விவிலியத்தின் எரேமியா நூல், 28ஆம் அதிகாரம். நேற்றிரவு அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

பாபிலோனுக்கு அடிபணியுங்கள் என்று காட்ட எரேமியா கழுத்தில் மர நுகத்தடியை மாட்டிக்கொண்டு திரிகிறார். ஆலயத்தில், எல்லார் முன்னிலையிலும், அனனியா எழுந்து ‘இரண்டு வருடத்துக்குள் பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் திரும்பி வரும், கர்த்தர் சொல்கிறார்’ என்கிறார். எரேமியா ‘ஆமென், அப்படியே ஆகட்டும்’ என்கிறார். அனனியா அந்த நுகத்தை அவர் கழுத்திலிருந்து எடுத்து உடைத்துப் போடுகிறார். எரேமியா? பதில் பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். மர நுகத்துக்குப் பதில் இரும்பு நுகம் என்ற செய்தியோடு அவர் திரும்பி வருவது பின்னால்தான். ஐந்தாம் மாதம் தொடங்கிய கதையில் ஏழாம் மாதம் அனனியா இறந்துபோகிறார்.

இதில் என்னை நிறுத்தியது ஒரு சொல். எபிரேய மூலம் இரண்டு பேரையும் ‘நவி’ என்றே அழைக்கிறது. நவி எரேமியா, நவி அனனியா. கூட்டத்தில் நின்றவனுக்கு யார் மெய் என்று தெரியாது. வாசகனுக்கும் அந்தத் தவிப்பு அப்படியே கிடைக்கிறது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பொறுக்கவில்லை, முதல் வரியிலேயே அனனியாவுக்கு ‘ஸியூதொ’ என்று முன்னொட்டுப் போட்டுப் பொய்யன் ஆக்கிவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பெழுதிய இடம் அது. நான் அதைச் செய்யாமலிருக்க ஒரு சொல் கேட்கிறேன், அவ்வளவுதான்.

— ம.

*

அம்மா, இதோ சொல். ‘விடுமாற்றம் வேந்தர்க்கு உரைப்பான் வடுமாற்றம் வாய்சோரா வன்க ணவன்’, குறள் 689. மாற்றம் என்றால் சொல். விடுமாற்றம், சொல்லி அனுப்பிய சொல். அதை உரைப்பவன் விடுமாற்றன். அடுத்த குறளில், உயிர் போனாலும் ‘இறைவற்கு உறுதி பயப்பதாம் தூது’ என்கிறார். அங்கே இறைவன் அரசன்தான், தெரியும். ஆனால் பொருத்தத்தைப் பாருங்கள்! விடுமாற்றர் என்று வையுங்கள். மெய்யா பொய்யா என்ற பேச்சே அதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். ‘நவி’ பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

— ந.

*

ஐயா, ‘விடுமாற்றர்’ மிக அழகு. ஆனால் என் மாணவர்கள் ‘விடு’, ‘மாற்று’ என்று பிரித்து மின்மாற்றி பழுதுபார்ப்பவர் என்பார்கள்.

இப்போது ‘க்ளெய்ம்’ பக்கம் வருவோமா? உரிமைகோரல் என்றால் பட்டா, காப்பீடு. கூற்று என்றால் பாதிப் பேருக்கு எமன். வாதம் என்றால் மூட்டுவலி. ‘கோரல்’ மட்டும் தனியாக நின்றால் பரவாயில்லை போலிருக்கிறது.

— தி.

*

‘கோரியவர்’ போதாதா? ‘நபித்துவம் கோரியவர்’. அதுவும் சற்று மென்மைதான். கோருவது கிடைக்கவும் செய்யலாம் அல்லவா. முசைலமாவுக்கு அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாடநூலில் போட்டால் சண்டைக்கு வர மாட்டேன்.

குர்ஆன் 33:40இல் முகம்மது நபியைக் குறித்து வரும் ‘காத்தம்’ பற்றியும் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். ‘முத்திரை’ என்றே வையுங்கள். ‘கடைசி’ என்று மட்டும் பெயர்த்தால் பாதி போய்விடும். அரபியில் முடித்து வைப்பதும் அதுதான், உறுதிப்படுத்துவதும் அதுதான்.

— ஹ.

*

அப்படியானால் அகமதியா இயக்கத்தை நிறுவிய குலாம் அகமதைப் பின்பற்றுவோர் அதே ‘முத்திரை’யை வேறுவிதமாக விளக்குவதையும், 1974இல் அவர்களை முசுலிம் அல்லாதோர் என்று அறிவித்த பாகிஸ்தான் அரசமைப்புத் திருத்தம் வந்ததையும்...

— தி.

*

மட்டுறுத்துநர்: தி. தம்பி, அங்கேயே நில்லுங்கள். இது சொல் குழு. யார் யார் சமயத்துக்குள், யார் வெளியே என்பதற்கு வேறு குழுக்கள் உண்டு, அங்கே தூக்கமும் கிடையாது. வரலாற்றுத் தகவலாக இயலில் வரட்டும், இங்கே வேண்டாம்.

*

ஒரே ஒரு சின்னச் சந்தேகம். யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதின் மெகில்லா பகுதியில் (14அ) இசுரவேலுக்கு இறைவாக்குரைக்க 48 ஆண்களும் 7 பெண்களும் எழுந்ததாகக் கணக்கு இருக்கிறது. சாராள், மிரியாம், தெபொராள், அன்னாள், அபிகாயில், உல்தாள், எஸ்தர். அறிவன், விடுமாற்றன் என்று போனால் இவர்களுக்கு அறிவள், விடுமாற்றி என்று இன்னொரு வரிசை வேண்டும். ‘-ஞர்’ ஈறு இருபாலுக்கும் நிற்கும். இறைவாக்குரைஞருக்கு என் ஓட்டு. (ஆம், ஓட்டு. வாக்கு என்று எழுதப் பயமாக இருக்கிறது.)

— ஜெ.

*

எல்லாருக்கும் நன்றி. வெள்ளி விடிந்துவிட்டது, இப்படி அனுப்புகிறேன்:

பொதுத் தலைப்பிலும் யூத, கிறித்தவப் பகுதிகளிலும் இறைவாக்குரைஞர். இசுலாம் பகுதியில் நபி, ரசூல், நபித்துவம் அப்படியே. தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் ‘கோரியவர்’. முசைலமாவுக்கு முதலில் வரும் இடத்தில் மட்டும், முசுலிம் மரபு அவரைப் ‘பொய்யன்’ என்றே அழைக்கிறது என்று ஒரு வரி. அனனியாவுக்கு முன்னொட்டு எதுவும் இல்லை. அவரும் இறைவாக்குரைஞர் அனனியா. சரிபார்க்கும் ஆசிரியர் ‘பொய்’ என்று ஒரு சொல் சேர்க்கச் சொல்வார், நான் மறுப்பேன், பார்ப்போம்.

— ம.

*

என் மாறுபாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘-ஞர்’ சரி, ‘வாக்கு’ வடமொழி. ‘இறைமாற்றுரைஞர்’ என்று வைத்திருக்கலாம். நவில் பற்றித் தனிமடல் எழுதுகிறேன், சற்று நீளும்.

— ந.