புதுப்பிப்பு: வான் ஓட்டும் அண்ணாவிடம் கதைத்துவிட்டேன்

போன மாதம் எழுதியிருந்தேன்: நிலாவெளியிலிருந்து திருகோணமலைக்குத் தெரிந்த அண்ணா ஒருவரின் வானில் வந்தபோது, அவர் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு 80இல் ஓட்டினார், சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்ட மாடு குறுக்கே வந்து மயிரிழையில் தப்பினோம், இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று. பலர் தனியாகக் கதைக்கச் சொன்னீர்கள். அப்படியே செய்தேன்.

ஞாயிறு பின்னேரம் உப்புவெளியில் தேநீர் குடித்தபடி, "அண்ணா, அன்றைக்கு நான் உண்மையிலேயே பயந்துவிட்டேன்" என்று தொடங்கினேன். முகம் சட்டென்று மாறியது. "இருபது வருஷமா ஓடுறன், நீ எனக்குப் படிப்பிக்கிறியா?" என்றார். நான் வாதாடவில்லை. 80இல் போகும் வான் ஒரு செக்கனுக்கு 22 மீற்றர் ஓடும், இரண்டு செக்கன் போனைப் பார்த்தால் 44 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி என்றேன். எதிரே தெரிந்த தந்திக்கம்பத்தைக் காட்டி, அதையும் தாண்டித்தான் பிரேக்கில் கால் படும் என்றேன். அவர் அந்தக் கம்பத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பின்சீட்டில் அன்று தூங்கிக்கொண்டு வந்த தன் மகளைப் பற்றி அவராகவே கேட்டார்: "பிள்ளை பெல்ட் போட்டிருந்தவளோ?"

இல்லை என்றேன்.

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நேற்று ஏறியபோது போன் டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருந்தது. வேகம் இன்னும் கூடத்தான். அதைத் திரும்பவும் சொல்லுவேன்.