கிணற்றடியில் தெளிப்பான் கழுவுகிறார்கள், வழி சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். குடிநீர்க் கிணற்றுக்கும் சம்பா வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான். போன வாரம் மருந்தடித்துவிட்டு வந்த சித்தப்பா, தெளிப்பானைக் கிணற்றடியிலேயே கழுவினார். பால் போல் வெளுத்த நீர் அப்படியே மண்ணில் இறங்கியது. கேட்டால், "நாற்பது வருஷமாக இங்கேதானே கழுவுகிறோம்" என்கிறார்.

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். உப்பு, கடினத்தன்மை, கிருமி மட்டும் பார்த்து நல்ல நீர் என்று எழுதிவிட்டார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து வெறும் 1 மைக்ரோகிராம்தான் இருக்கலாம். அதை யார் பார்த்துத் தருவார்கள்? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து எச்சத்துக்கு ஆய்வகம் இருக்கிறது. தனி ஆள் கொடுத்தால் வாங்குவார்களா, கட்டணம் எவ்வளவு? பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, ஐஸ் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

காய்ச்சிக் குடித்தால் போதும் என்கிறார் அம்மா. கிருமிக்குச் சரி, மருந்துக்கு அதை நம்ப முடியாது.

இன்னொன்று: தெளிப்பான் கழுவ வயலிலேயே தனி இடம் ஒதுக்கிய ஊர் ஏதேனும் உண்டா? சொந்தக்காரர்களிடம் சண்டை போடாமல் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?