வலிக்கும் டென்ஷனுக்கும் அக்குபஞ்சர்: வேலை செய்வது ஊசியா, ஊசி போடும் சடங்கா?

தூக்கங்கெட்டவள்:
நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி ஒரு தலைவலி. வாரத்தில் பாதி நாள் இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு, டென்ஷன் தலைவலிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வராமல் தடுக்க அமிட்ரிப்டிலின் எழுதித் தந்தார். பகலில் தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதைத் தொடவே இல்லை. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர், அக்குபஞ்சர் போய்ப் பார், வலியோடு மனஅழுத்தமும் குறையும் என்கிறார். வீட்டில் தம்பி அதைக் கேட்டுச் சிரிக்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதும் வேண்டும்.

வேம்பு:
தாராளமாகப் போங்கள் தோழி. எனக்குக் கழுத்து வலி வருடக்கணக்கில் இருந்தது. ஊசி போட்ட பிறகுதான் கழுத்தைத் திருப்பி வண்டியைப் பின்னால் எடுக்க முடிகிறது. சரி, என் கதை கிடக்கட்டும். டென்ஷன் தலைவலிக்கென்றே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2016-இல் 12 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 2349 பேர். அதில் இரண்டு பெரிய ஆய்வுகளில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 17 பேருக்குத்தான் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன. அக்குபஞ்சரும் செய்துகொண்டவர்களில் 48 பேருக்கு. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதற்கு மேல் தம்பி சிரித்தால் சிரிக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
வேம்பு, அதே அறிக்கையின் மறுபாதியையும் சொல்லியிருக்கலாமே. உண்மையான ஊசியைப் போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், உண்மைக்கு 100க்கு 51 பேர், போலிக்கு 43 பேர். மூன்று மடங்கு எங்கே போனது?

தூக்கங்கெட்டவள், போலி ஊசி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இந்தச் சண்டை முழுக்க அதில்தான் இருக்கிறது. சில ஆய்வுகளில் அக்குபஞ்சர் புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவார்கள். சிலவற்றில் தோலில் பட்டதும் கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் ஊசி. 1998-இல் ஸ்ட்ரைட்பெர்கர் என்ற ஜெர்மானியர் கொண்டுவந்தது. படுத்திருப்பவருக்குக் குத்தியது போலவே இருக்கும், ஆனால் உள்ளே போகாது.

ஜெர்மனியில் 2007-இல் வெளியான கெராக் ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1162 பேர். ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள், உண்மை அக்குபஞ்சரில் 47.6 சதவீதம், போலியில் 44.2, மருந்தும் உடற்பயிற்சியும் சேர்ந்த வழக்கமான சிகிச்சையில் 27.4. அமெரிக்காவில் 2009-இல் 638 பேரை வைத்து இன்னொன்று நடந்தது. அதில் போலிக் குழுவுக்கு ஊசியே கிடையாது, குழாய்க்குள் பல்குச்சியை வைத்துத் தோலில் அழுத்தினார்கள். எட்டு வாரத்தில் அவர்களும் ஊசிக்காரர்கள் அளவுக்கே தேறினார்கள்.

எங்கே குத்தினாலும் ஒன்று, குத்தாவிட்டாலும் ஒன்று என்றால், 361 புள்ளிகளும், உயிர்சக்தி ஓடுவதாக அக்குபஞ்சர் சொல்லும் மெரிடியன் பாதைகளும் எதற்கு?

சும்மாவந்தவன்:
பல்குச்சி வீட்டிலேயே இருக்கிறது. யாராவது அழுத்திவிட்டால் போதும் போல.

ஊசிமுனை:
நான் பிசியோதெரபிஸ்ட். வலிக்கு ஊசியும் போடுகிறேன், அதனால் என்னை நடுநிலையாளர் என்று எண்ண வேண்டாம்.

கணக்குப்பிள்ளை சார் சொன்ன எண்கள் சரி. ஆனால் போலி ஊசியை, மருந்தே இல்லாத சர்க்கரை மாத்திரைக்குச் சமமாக வைப்பதை நான் ஏற்கவில்லை. சர்க்கரை மாத்திரை வயிற்றுக்குப் போய்க் கரைந்துவிடும். தோலில் குத்துவதோ அழுத்துவதோ நரம்புக்குத் தெரியும். மெல்லிய தொடுகைக்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன, அவை மூளையில் இதம் தருகிற பகுதிகளைத் தட்டுபவை. ஆக, பாதி வேலை செய்யும் ஒன்றோடு முழு வேலை செய்யும் ஒன்றை ஒப்பிட்டுவிட்டு வித்தியாசம் குறைவு என்கிறோம்.

அப்படியும் வித்தியாசம் இருக்கிறது. விக்கர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, ஆய்வுகளின் முடிவுகளை மட்டும் கூட்டிக் கழிக்காமல், ஒவ்வொரு நோயாளியின் தரவையும் வாங்கி அலசியது. 2012-இல் 29 ஆய்வுகள், 2018-இல் 39 ஆய்வுகள், 20,827 பேர். முதுகு, கழுத்து, மூட்டு, தலைவலி எல்லாவற்றிலும் உண்மை ஊசி போலியைவிட மேல். ஓராண்டு கழித்தும் பலனில் சுமார் 85 சதவீதம் நிலைத்திருந்தது.

ஊசி உடம்பில் செய்வதும் கொஞ்சம் தெரியும். 2010-இல் எலிகளில் பார்த்தார்கள். ஊசியைச் செருகித் திருகும்போது அந்த இடத்தில் வலியைத் தணிக்கும் அடினோசின் என்ற பொருள் கூடுகிறது. அதை ஏற்கும் ஏ1 ஏற்பி இல்லாத எலிகளுக்கு வலி குறையவில்லை. 1970களிலேயே, ஓபியாய்டுகளைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலிநிவாரணம் மங்குகிறது என்று கண்டார்கள். அதாவது உடம்பே சுரக்கும், மார்ஃபீன் போன்ற ஓபியாய்டுகளுக்கு இதில் பங்குண்டு. மெரிடியனை நான் நம்பவேண்டிய அவசியமில்லை. நானும் நம்புவதில்லை.

கணக்குப்பிள்ளை:
ஊசிமுனை, உங்களோடு பேசலாம். விக்கர்ஸ் குழுவே ஓர் உதாரணம் தந்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வலி 100க்கு 60. அக்குபஞ்சர் இல்லாதவர்களுக்கு அது 43 ஆகிறது. போலி ஊசிக்கு 35. உண்மை ஊசிக்கு 30.

60இலிருந்து 43 வரை தானாகவோ வழக்கமான கவனிப்பிலோ இறங்கியது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள், சும்மா விட்டாலும் கொஞ்சம் இறங்கும். அடுத்த 8 போலி ஊசியோடு வந்தது. உங்கள் புள்ளி, ஆழம், திருகல், பயிற்சி எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 5. நூறில் ஐந்து! அதிலும் ஊசி போடுபவருக்கு எது உண்மை, எது போலி என்று தெரியும். அவர் முகத்திலும் பேச்சிலும் அது கசிந்தால் அந்த ஐந்தில் எவ்வளவு நிற்கும்?

எலி ஆய்வு நன்றாக இருக்கிறது. எலியின் கால் சின்னது, அதில் ஊசி போகிற ஆழம் மனிதக் காலில் என்ன என்று யோசியுங்கள்.

இன்னொன்று. 1998-இல் வந்த ஓர் அலசலில், சீனாவில் நடந்த அக்குபஞ்சர் ஆய்வுகள் ஒன்று விடாமல் சாதகமாகவே முடிந்திருந்தன. அப்படி எந்தச் சிகிச்சையும் எப்போதும் ஜெயிக்காது. அதை எழுதியவரும் இதே விக்கர்ஸ்தான்.

வேம்பு:
ஐந்தோ எட்டோ, எனக்கு வலி 60இலிருந்து 30க்கு வந்தது. அதில் எந்தப் பங்கு எதனால் என்று என் கழுத்து கணக்குக் கேட்கவில்லை. போலி ஊசிகூட வழக்கமான சிகிச்சையை முந்தியது என்று நீங்களே எழுதினீர்களே சார், நூறில் 44 பேர், வழக்கமானதில் 27 பேர்! அந்த 27 பேரை மட்டும் தேற்றிய சிகிச்சையைத்தான் ‘அறிவியல் பூர்வமானது’ என்று எல்லோரும் எழுதிக் கொடுக்கிறார்கள். அதன்மேல் உங்களுக்குக் கோபம் வருவதில்லை.

சீனாவில் 1971-இலேயே மயக்க மருந்து இல்லாமல் ஊசியை மட்டும் வைத்து அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு வயிற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். அதையும் மனப்பிரமை என்பீர்களா?

பழம்பேப்பர்:
இந்தக் கதையை எங்கே பார்த்தாலும் நிறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தப் பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன். பெய்ஜிங்கில் அவருக்குக் குடல்வால் எடுத்தது வழக்கமான மரத்துப்போகும் ஊசிமருந்து கொடுத்துத்தான், அதை அவரே எழுதியிருக்கிறார். அறுவைக்குப் பிறகு இரவில் வயிறு உப்பிச் சிரமப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் அக்குபஞ்சர் ஊசி போட்டார்கள். கட்டுரை ஜூலை 1971-இல் வந்தது. அடுத்த ஆண்டு நிக்சன் சீனா போனார், அமெரிக்கா முழுக்க அக்குபஞ்சர் பேச்சாகிவிட்டது. வாயு உபாதைக்குப் போட்ட ஊசி, கைமாறிக் கைமாறி மயக்க மருந்தாகிவிட்டது.

வேம்பு:
சரி, அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். வழக்கமான சிகிச்சையைப் பற்றிய என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
வருகிறேன். வழக்கமான சிகிச்சை இடுப்புவலிக்குச் சுமார்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் பலகாலம் மருந்து, பயிற்சி என்று பார்த்துச் சலித்தவர்கள். புதிதாக ஏதாவது கிடைக்கும் என்று வந்தவருக்கு, குலுக்கலில் மறுபடி பழையதே விழுந்தால் அந்த ஏமாற்றமும் மதிப்பெண்ணில் இறங்கும்.

எதனால் குணம் என்று ஏன் கேட்கவேண்டும் என்றால், காரணத்தைத் தப்பாகப் பிடித்தவர் அதே காரணத்தை அடுத்த நோய்க்கும் கொண்டுபோவார். கழுத்துவலி போனது மெரிடியன் அடைப்பு நீங்கியதால் என்று நம்பிவிட்டால், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் அதே ஊசி போதும், மாத்திரையை நிறுத்து என்று சொல்லும்போது உங்களுக்குச் சந்தேகம் வராது. ஊசிமுனை அப்படிச் சொல்லமாட்டார். சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும்.

ஊசிமுனை:
தெரியும். மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும், பேச்சே கிடையாது.

மனஅழுத்தம் பற்றி யாரும் தொடவில்லை. அங்கே என் தரப்பே பலவீனம். ஆய்வுகள் சின்னவை, அளவுகோல் ஆளுக்கொன்று. அமைதியான அறை, மங்கிய வெளிச்சம், அரைமணி நேரம் போனை எடுக்க முடியாமல் படுத்திருப்பது, ஒருவர் பொறுமையாக உங்கள் தூக்கத்தையும் வேலையையும் விசாரிப்பது. இதில் ஊசியைக் கழித்தால் எவ்வளவு குறையும் என்று பிரிப்பது கடினம்.

2008-இல் எரிச்சல் குடல் நோயாளிகள் 262 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள். பேச்சில்லாமல் போலி ஊசி மட்டும் பெற்றவர்களில் 44. போலி ஊசியோடு அன்பான, விரிவான பேச்சும் கிடைத்தவர்களில் 62. எல்லோருக்கும் போலிதான் என்பதை மறக்காதீர்கள். ஊசி போடுகிற நான் இதைப் படித்தபிறகு முதல் சந்திப்புக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குகிறேன்.

கணக்குப்பிள்ளை:
இதைவிடச் சிறந்த வாதம் என் பக்கத்துக்கு யாரும் எழுத முடியாது. அந்தப் பேச்சையும் ஓய்வையும் ஊசி இல்லாமலே கொடுங்கள் என்கிறேன்.

ஊசிமுனை:
கொடுக்கலாம் சார். யாரும் வந்து படுக்கமாட்டார்கள், அதுதான் சிக்கல்.

தூக்கங்கெட்டவள்:
படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆபத்து ஏதாவது உண்டா? உங்களுக்குள்ளேயே இவ்வளவு சண்டை என்றால் அரசு அமைப்புகள் என்ன சொல்கின்றன?

பழம்பேப்பர்:
அவையும் சண்டைதான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2009-இல் இடுப்புவலிக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைத்தது, 2016-இல் எடுத்துவிட்டது, 2021-இல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்றது. ஜெர்மனியில் 2007 முதல் நாள்பட்ட இடுப்புவலிக்கும் மூட்டுத்தேய்வு முழங்கால் வலிக்கும் காப்பீடு உண்டு. கணக்குப்பிள்ளை காட்டிய அதே கெராக் ஆய்வைப் பார்த்துத்தான் அந்த முடிவு! அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2020-இலிருந்து நாள்பட்ட இடுப்புவலிக்கு மட்டும் தருகிறது. உங்கள் டென்ஷன் தலைவலிக்கு நைஸ் 2012-இல் சொன்னது: 5 முதல் 8 வாரத்துக்குள் அதிகபட்சம் 10 அமர்வு.

ஊசிமுனை:
ஆபத்து குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்ததில் 8.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு தொந்தரவைச் சொன்னார்கள், பெரும்பாலும் ரத்தக்கட்டு, வலி. சிகிச்சை தேவைப்பட்டது 2.2 சதவீதத்துக்கு. நுரையீரலில் குத்திக் காற்று கசிந்தது இரண்டு பேருக்கு. அதனால் தோள்பட்டை, மேல்முதுகில் ஆழமாகப் போடுபவருக்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். ஊசி ஒருமுறை பயன்படுத்தி எறிவதாக, உங்கள் கண்முன் உறை பிரிப்பதாக இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
போவதென்றால் போங்கள், தடுக்கவில்லை. போவதற்கு முன் நான்கு வாரம் தலைவலி வந்த நாட்களைக் குறித்து வையுங்கள். அப்புறம் ஐந்தாறு அமர்வு முடிந்ததும் அதோடு ஒப்பிடுங்கள். மாற்றம் இல்லையென்றால், ‘இன்னும் பத்து போட்டால் வேர் அறுந்துவிடும்’ என்பதைக் கேட்காதீர்கள். அமிட்ரிப்டிலினையும் ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். குறைந்த அளவில் இரவில் தொடங்கலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். ஒரு கேள்வி: வலி வரும்போது என்ன செய்கிறீர்கள்?

தூக்கங்கெட்டவள்:
பாராசிட்டமால். சில நாள் காஃபீன் சேர்ந்த மாத்திரை. மாதத்தில் பாதி நாளுக்கு மேலே போடுகிறேன் என்று நினைக்கிறேன். இதை மருத்துவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஊசிமுனை:
தோழி, ஊசியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மாத்திரையே தலைவலியைத் தொடரவைப்பது உண்டு. சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அந்தச் சந்தேகம் வரவேண்டும். அப்படியிருந்தால் நான் எங்கே குத்தினாலும் பலன் சொற்பம்தான்.

கணக்குப்பிள்ளை:
இதில் ஊசிமுனையோடு எனக்குச் சண்டை இல்லை. காஃபீன் கலந்த மாத்திரைக்கு அந்த எல்லை 10 நாள்தான். குறிப்பில் மாத்திரை நாட்களுக்கும் தனியாக ஒரு பத்தி போட்டு, அதை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடமே திரும்பப் போங்கள்.

வேம்பு:
அவரிடம் போய்விட்டு, அக்குபஞ்சருக்கும் போகலாம்.

கணக்குப்பிள்ளை:
போகலாம். எனக்கு அந்த நாட்குறிப்பு மட்டும் வேண்டும்.