ஃபிலிம் ஃபெஸ்டிவலில் கிடைத்த நம்பர்கள்: உருப்படியான அறிமுகம் எங்கே, எப்படிக் கிடைத்தது? மும்பையில் படம் எடுக்கும் நம்ம தமிழ்ப் பெண்கள் சொல்வது

மாட்டுங்காவிலிருந்து:

அந்தேரியில நடந்த ஒரு சின்ன சுயாதீன விழா. 1990-ல ஆரம்பிச்ச மிஃப் (மும்பை சர்வதேசப் படவிழா) மாதிரி பெருசெல்லாம் இல்ல. என் முதல் குறும்படம், 19 நிமிஷம். ஐம்பது விசிட்டிங் கார்டு அடிச்சுட்டுப் போனேன். பதிவு மேஜையில முதல் கேள்வியே, "ஆக்டிங்கா மேடம்?" டைரக்‌ஷன்னு சொன்னேன். "ஓ, யாருக்கு அசிஸ்டன்ட்?"

நெட்வொர்க்கிங்னு போட்டிருந்த அரை மணி நேரம் சமோசாவுலயே போச்சு. நிஜப் பேச்செல்லாம் ராத்திரி பத்தரைக்கு மேல வெர்சோவா பார்ட்டியிலதானாம். லோக்கல் ட்ரெயின் ஒரு மணி வரைக்கும் ஓடும், எங்க வீட்ல அவ்வளவு நேரம் ஓடாது. கிளம்பிட்டேன்.

ட்ரெயின்ல லேடீஸ் பெட்டியில எதிர்ல ஒரு அம்மா, கழுத்துல அதே விழா டேக். "உன் படத்துல அந்த குக்கர் விசில், லைவா எடுத்ததா?"ன்னு இந்தியில கேட்டாங்க. மராத்திக்காரங்க, சவுண்ட் மிக்ஸிங் பண்றவங்க. என் படம் ஓடினப்போ குரலெல்லாம் கொஞ்சம் கனமா கேட்டுச்சே, அது தியேட்டர் ஸ்பீக்கர் கோளாறுன்னு நான் நினைச்சிருந்தேன். அவங்க சொன்னாங்க: "செகண்டுக்கு 25 ஃபிரேம்ல எடுத்ததை, டிசிபி, அதான் தியேட்டர்ல ஓட்டுற டிஜிட்டல் ஃபைல், போடும்போது 24-க்கு இழுத்திருக்காங்க. நாலு சதவீதம் மெதுவாகும், குரலும் இறங்கும்." வீட்டுக்கு வந்து பார்த்தா படம் 20 நிமிஷத்தைத் தொட்டிருக்கு! பார்லேவுல ஆரம்பிச்ச பேச்சு, மாட்டுங்கா ரோடு வந்ததும் நம்பர் வாங்கிட்டு இறங்கினேன். அடுத்த படத்துக்கு அவங்கதான் மிக்ஸிங். பாதிப் பணம் இன்னும் நான் பாக்கி. கார்டு மிச்சம் நாற்பத்தொண்ணு, யாருக்காவது பின்பக்கம் எழுத வேணும்னா தரேன்.

தாராவியிலிருந்து:

எனக்கு ஆள் கிடைச்சது டாய்லெட் க்யூல. சிரிக்காதீங்க, ரெண்டு ஸ்கிரீனுக்கு ஒரே லேடீஸ் டாய்லெட்னா இருபது நிமிஷம் நிக்கணும். முன்னாடி நின்னவங்க கேமராவுமன். பெண் ஒளிப்பதிவாளர்களுக்குன்னு 2017-லருந்து ஒரு கூட்டமைப்பு இருக்குன்னு அங்கதான் தெரிஞ்சுது. பி.ஆர்.விஜயலட்சுமி 1985-லயே தமிழ்ல தனியா ஒளிப்பதிவு பண்ணிட்டாங்க. என்கிட்ட இன்னும் "கேமரா கனமா இருக்குமேம்மா"ன்னு கேக்குறாங்க. ரெண்டு பிள்ளையையும் தண்ணிக் குடத்தையும் தூக்கும்போது யாரும் கேக்கல.

செம்பூரிலிருந்து:

நல்லதா மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்கடி. ஒரு தயாரிப்பாளர் விழாவுல என் கதையைக் கேட்டுட்டு, "முழு ஸ்கிரிப்டையும் வாட்ஸ்அப்ல போடுங்க"ன்னாரு. அன்னிக்கே போட்டேன். ரெண்டு நீல டிக், அவ்வளவுதான். இப்போ முதல்ல ஸ்கிரிப்டை அந்தேரியில இருக்கிற ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன்ல, அதான் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்துல, பதிவு பண்றேன், உறுப்பினரா இருந்தா ஆன்லைன்லயே முடியுது. அப்புறம் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும், அதுவும் மெயில்ல. வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, எழுத்துக்குத்தான். அதனால வாயாலயும் அளந்துதான் பேசுறேன்.

மாட்டுங்கா, மறுபடி:

செம்பூர் அக்கா, அந்தப் பாடம் எனக்கு இன்னும் வரல, வர்றதுக்குள்ள பதிவு பண்ணிடறேன். அடுத்த விழாவுக்கு அந்தேரி வர்றவங்க யாராச்சும் ராத்திரி இந்தப் பக்கம் திரும்புறீங்களா? ரெண்டு மூணு பேர் சேர்ந்தா பார்ட்டிக்கும் அரை மணி நேரம் தலை காட்டிட்டு பதினொன்றரை வண்டியைப் பிடிச்சுடலாம். வீட்ல நான் பேசிக்கிறேன்.