நெஞ்சுவலிக்கு அற்றெனலோலா, டில்டியாசெமா?

கேள்வி (கோப்பாய்):
சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தால் நெஞ்சை இறுக்குவதும், இறங்கி நின்றால் சில நிமிடங்களில் தணிவதுமாக இருந்த என் தகப்பனாருக்கு, இதயக் கிளினிக்கில் முதலில் அற்றெனலோல் எழுதினார்கள். பழைய முட்டு வருத்தம் மீண்டும் தலைகாட்டியதால் அதை மாற்றி இப்போது டில்டியாசெம் கொடுக்கிறார்கள். முந்தையதுதான் இதயத்தைக் காக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, அப்பா கவலையாக இருக்கிறார். புதிய குளிசை வலுக் குறைந்ததா?

பதில் (மருந்தாளர், யாழ்ப்பாணம்):
இல்லை ஐயா. இரண்டுமே நாடித்துடிப்பைத் தணித்து இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கின்றன. டில்டியாசெம் இரத்தக் குழாய்களையும் விரிக்கிறது, ஆனால் அற்றெனலோலைப்போல மூச்சுக்குழாய்களைச் சுருக்குவதில்லை. டில்டியாசெமுக்கு நெருங்கிய வெரபமிலை, அற்றெனலோலின் இனத்தைச் சேர்ந்த மெற்றோபுரோலோலுடன் சுவீடனில் 809 பேரில் ஒப்பிட்டு 1996 இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பிலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உறவினர் சொல்வது, மாரடைப்பு வந்து இதயம் பலவீனமடைந்தவர்களுக்கே பெரிதும் பொருந்தும். அவர்களுக்கு டில்டியாசெம் உகந்ததுமல்ல.

எனக்குள்ள அச்சம் வேறு. வீட்டில் மிஞ்சிய அற்றெனலோலை, இருக்கட்டும் என்று அவர் இதனுடன் சேர்த்து விழுங்கினால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். தயவுசெய்து அவற்றை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

பதில் (சாவகச்சேரி):
என் அம்மாவுக்கு இதே நெஞ்சுவலிக்கு, இரத்தக் குழாய்களை விரிக்கும் ஐசோசோர்பைட் மொனோநைத்திரேற்றும் உண்டு. அதை நாள் முழுவதும் இடைவெளியின்றி எடுத்தால் உடல் பழகிப்போய்ப் பலன் குறைந்துவிடும் என்பதால், காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் கொடுத்து இரவை வெறுமையாக விடச் சொன்னார்கள். அப்பாவுக்கும் பின்னர் அதைச் சேர்த்தால் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வலி வராவிட்டால், தான் எடுத்துவரும் அஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் அற்றோவஸ்ரற்றினையும் நிறுத்தலாமா என்றும் அப்பா கேட்கிறார்.

பதில் (மருந்தாளர்):
கூடாது. நாம் இதுவரை ஒப்பிட்டவை வலியைத் தணிப்பவை; மாரடைப்பைத் தடுக்க உதவுபவை இவ்விரண்டும்தான், அவற்றின் வேலை வலியாகவோ சுகமாகவோ வெளியே தெரியாது. வலி வந்தவுடன் தணிக்க நாக்கின் கீழ் வைக்கும் ஜிரிஎன் (GTN) குளிசையை, அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே அப்பா தன்னுடன் வைத்திருக்கட்டும். இருந்துகொண்டு ஒன்றை வைத்து ஐந்து நிமிடங்களாகியும் வலி தணியாவிட்டால், அல்லது ஓய்விலேயே வலி வந்தால், காத்திராமல் 1990 ஐ அழைத்து அம்புலன்ஸைக் கேளுங்கள்.